விலை சொல்லும் முன் டிபி போர்டைத் திறந்து பார்த்தாரா?

கேள்வி: அண்ணா, வணக்கம். நாங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த் பேவியூ பக்கம் இருக்கிறோம். என் மாமனார் காலத்து வீடு, கவுன்சில் கட்டியது. போன மாதம் சமையலறை அலமாரிகளை எல்லாம் மாற்றினோம். அலமாரிக்குள் பொருத்துகிற மின்சார ஓவன் ஒன்றும், நாலு பிளேட் கண்ணாடி ஹாப் (மேடையில் பதிக்கிற மின் அடுப்பு) ஒன்றும் வாங்கிவிட்டோம். ஓவனில் 2.8 கிலோவாட், ஹாபில் 6.5 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. பழைய ஸ்டவ்வைத் தூக்கிப்போட மாமியார் விடவில்லை. பின்கட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர், "ஓவனுக்கு ப்ளக் போதும், ஹாபைப் பழைய ஸ்டவ் வயரில் மாட்டிவிடலாம், 800 ரேண்ட் கொடுங்கள்" என்கிறார். இன்னொருவர் போனிலேயே 4,500 ரேண்ட் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது ஆள் வந்து பார்க்காமல் விலை சொல்ல மாட்டாராம். வந்து பார்ப்பதற்கே தனிக் காசு கேட்கிறார். யாரை வைப்பது? சிஓசி (மின் வேலை சரி என்னும் சான்றிதழ்) என்கிறார்களே, இந்தச் சின்ன வேலைக்கும் அது வேண்டுமா? மெயின் சுவிட்சில் 60 என்று எழுதியிருக்கிறது. தீபாவளிக்கு முன் முடிய வேண்டும். — வாசகி ஒருவர், சாட்ஸ்வொர்த்

பதில்: மூன்றாவது ஆளை வையுங்கள், தங்கச்சி. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது, ஆனாலும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து, டிபி போர்டு (ப்ரேக்கர்கள் எல்லாம் இருக்கிற மின்பலகை) மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்கிறவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். மற்ற இரண்டு பேரும் ஓவனுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். ஓவனைப் பொருத்துவது பெரிய வேலையே இல்லை. இரண்டு பேர் தூக்கி அலமாரிக்குள் தள்ளி, திருகை முடுக்கினால் முடிந்தது. அதற்கு மின்சாரம் எந்த வழியாக வரப்போகிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வழி உங்கள் சுவருக்குள் இருக்கிறது. அதன் நிலைமை போனில் பேசியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சாட்ஸ்வொர்த் கவுன்சில் வீடுகள் 1960களில் எழும்பியவை. அந்தக் காலத்து வீடுகளில் நான் திறந்து பார்த்த பலவற்றில் இரும்புக் குழாய்க்குள்தான் வயர் ஓடும். தனி எர்த் வயர் இருக்காது, குழாயேதான் எர்த். கடல்காற்று படுகிற ஊர் இது. குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் துரு ஏறிவிட்டால் எர்த் பேருக்குத்தான் இருக்கும். அது போதாதென்று, வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு அறை இழுத்துக் கட்டியிருப்பார்கள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஒட்டு வயர் போயிருக்கும். ஒரு வீட்டில் பின்கட்டு வாடகை அறைக்கு ஸ்டவ் வயரிலிருந்தே கிளை எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கே அது தெரியாது. அவருடைய அப்பா காலத்தில் யாரோ ஒரு 'கூட்டாளி' செய்த வேலை.

இனி உங்கள் கூட்டாளி சொன்ன ப்ளக் கதைக்கு வருவோம். கணக்குப்படி அவர் சொன்னது தப்பில்லை. நம் ஊரில் 230 வோல்ட். 2.8 கிலோவாட்டை அதால் வகுத்தால் சுமார் 12 ஆம்பியர். நம் மூன்று முள் ப்ளக் 16 ஆம்பியர் வரை தாங்கும். ப்ளக்கோடேயே விற்கிற ஓவன்களும் உண்டு. சிக்கல் என்னவென்றால், சமையலறை ப்ளக்குகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே 20 ஆம்பியர் ப்ரேக்கரில் இருக்கும். ஓவன் 12 எடுக்கிறபோது கெட்டிலைப் போட்டால் இன்னொரு 9. மைக்ரோவேவும் சேர்ந்தால் 26. அப்புறம் பிஸ்கட் பாதி வேகும்போது ப்ளக்குகள் எல்லாம் செத்துவிடும், நீங்கள் டிபி போர்டுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பீர்கள்.

அதுகூடப் பரவாயில்லை, ட்ரிப் ஆனால் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். எனக்குப் பயம் ட்ரிப் ஆகாத கோளாறுதான். டர்பன் ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓவனில் பிரியாணிச் சட்டியைத் தம் போடுகிற நாளில் மட்டும் சமையலறையில் கருவாட்டு வாசனை வருகிறது என்றார். மாதக்கணக்காகப் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டியிருக்கிறார். ஃப்ரீசரில் இருந்த மீனை எல்லாம் எடுத்துக் கொட்டிக் கழுவியும் இருக்கிறார். நான் ஓவனை வெளியே இழுத்து, பின்னால் இருந்த ப்ளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கவே வரவில்லை, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் ப்ளக் லைவ் முள் பக்கம் மட்டும் தேயிலைச் சாயம் குடித்த மாதிரிப் பழுப்பாக இருந்தது. மூடியைத் திறந்தால் வயரின் மேல்தோல் அப்பளம் போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சில வகைப் பிளாஸ்டிக் சூட்டில் கருகும்போது மீன் நாற்றம்தான் அடிக்கும். கருவாடு சமைக்காத வீட்டில் கருவாட்டு வாசனை வந்தால் முதலில் ப்ளக்கைப் பாருங்கள்.

காரணம் ஒரே ஒரு திருகு. உள்ளே வயரைப் பிடிக்கும் திருகை யாரோ அரைகுறையாக முடுக்கியிருந்தார்கள். தளர்ந்த இணைப்பில் ஒரு ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், 12 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் ஏறக்குறைய 29 வாட் சூடு கிளம்பும். ஈயம் பற்றவைக்கிற சின்ன இரும்பின் சூடு அது. ப்ளக்குக்குள் ஒரு பற்றவைப்பு இரும்பை ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் என்ன ஆகும்? சூட்டில் திருகு இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சூடு ஏறும். இத்தனை நடந்தும் ப்ரேக்கர் அசையாது. அதற்குத் தெரிவது 12 ஆம்பியர் மட்டும்தான்.

நீங்களோ தீபாவளிக்கு வாங்குகிறீர்கள். நம் வீடுகளில் தீபாவளி வாரம் ஓவன் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். தட்டு மேல் தட்டாக நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். தெருவுக்கே பிஸ்கட் பெட்டி அனுப்ப வேண்டுமே! ஆகவே ஓவன் ப்ளக்கோடு வந்திருந்தால் அதற்கென்று டிபி போர்டிலிருந்து தனி வயர், தனி ப்ரேக்கர், தனி சாக்கெட். ப்ளக் இல்லாமல் வந்திருந்தால் நேராக ஐசோலேட்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கிற சுவிட்ச்) வழியாக இணைப்பு. மல்டிப்ளக், எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓவன் பக்கமே வரக்கூடாது.

ஹாபைப் பழைய ஸ்டவ் வயரில் மாட்டலாமா? மாட்டலாம், வயர் சரியாக இருந்தால். 6.5 கிலோவாட் என்றால் 28 ஆம்பியர். பழைய வயர் ஆறு எம்எம் செம்பாக இருந்து, தோல் காய்ந்து வெடிக்காமல் இருந்து, எர்த்தும் உயிரோடு இருந்தால் அது ஹாபைத் தாங்கும். அதிலேயே ஓவனையும் சேர்த்தால் 40 ஆம்பியர். அப்போது வேறு வயர் இழுப்பதுதான் பேச்சு. இங்கேதான் குறுக்குவழி ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். பழைய 30 ஆம்பியர் ப்ரேக்கரைக் கழற்றிவிட்டு 45 போட்டு, "இனி ட்ரிப் ஆகாதம்மா" என்பார்கள். உண்மைதான், ட்ரிப் ஆகாது. வயர்தான் கருகும். ப்ரேக்கர் இருப்பது ஓவனைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்ற. உங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு பொது என்பதையும் மறக்க வேண்டாம்.

எர்த் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இங்கே ஸ்டவ் சர்க்யூட் பெரும்பாலும் எர்த் லீக்கேஜ் (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கிற சுவிட்ச்) வழியாகப் போவதில்லை. ப்ளக்குகள்தான் அதன் வழியாகப் போகும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது துண்டித்துவிடும். ஸ்டவ் வயரில் அந்தக் காவல் இல்லாதபோது, இரும்பு உடம்புள்ள ஓவனில் கசிவு வந்தால் உங்களுக்கு இருக்கிற ஒரே துணை அந்த எர்த் வயர்தான்.

மெயினில் 60 என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓவனும் ஹாபும் முழு வேகத்தில் 40. கீசர் 3 கிலோவாட் என்றால் 13. கெட்டில் 9. மொத்தம் 62. தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். நாலு பிளேட்டும் ஓவனும் ஒரே நேரத்தில் முழுதாக இழுப்பது அபூர்வம். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும். ஆகவே சமாளிக்கலாம். பிஸ்கட் சுடுகிற நாளில் கீசரை மட்டும் அணைத்து வையுங்கள்.

ஆனால் மாமியாரின் ஸ்டவ் சேர்ந்தால் சமாளிக்க முடியாது. ஓவனோடு கூடிய பழைய நாலு பிளேட் ஸ்டவ் எட்டு கிலோவாட் வரை இருக்கும், அதாவது இன்னொரு 35 ஆம்பியர். 60-க்குள் இரண்டு முழுச் சமையலறை அடங்காது. மெயின் ப்ரேக்கரைத் தானே 80 ஆக்கித் தருவதாக எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் வாசலைக் காட்டிவிடுங்கள். எவ்வளவு மின்சாரம் தருவது என்பது எத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் முடிவு, அவர்களிடம் விண்ணப்பித்துத்தான் கூட்டிக்கொள்ள முடியும். அல்லது முன் ஹாப், பின்கட்டு ஸ்டவ் இரண்டில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் ஓடும்படி மாற்று சுவிட்ச் வைக்கலாம். அதையும் மூன்றாவது ஆளிடம் கேளுங்கள், ஆனால் தீபாவளிக்கு முன் கேட்க வேண்டாம். அதுவரை அந்த ஸ்டவ் பின்கட்டில் துணி விரித்த மேசையாக இருக்கட்டும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சிஓசி விஷயம். வேண்டும். பழைய ஸ்டவ்வைக் கழற்றிய இடத்திலேயே புது ஸ்டவ்வை மாட்டுவது வேறு, புது வயர் இழுப்பதும் ஐசோலேட்டரை நகர்த்துவதும் புது சர்க்யூட் போடுவதும் வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. 2009-ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி, கூட்டிச் செய்த வேலைக்கு சிஓசி வாங்கியாக வேண்டும். அந்தக் காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு, 'அவர் தரவே இல்லையே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தீ விபத்து என்று இன்சூரன்ஸில் பணம் கேட்டுப் போனால் இந்தக் காகிதத்தைக் கேட்க வாய்ப்பு உண்டு. சில ஓவன் கம்பெனிகள் வாரண்டிக்கும் கேட்கலாம். நாளைக்கு வீட்டை விற்றால் இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட சிஓசி செல்லாது, அப்போது மறுபடி சோதனை செய்ய வேண்டும்.

காகிதத்தில் கையெழுத்துப் போட எல்லோராலும் முடியாது. வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறையில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அதில் மூன்று படி உண்டு. உங்கள் வீட்டு சிங்கிள் ஃபேஸுக்கு முதல் படியில் இருப்பவரே போதும். நம் ஆட்கள் 'வயர்மேன் லைசென்ஸ்' என்று பழைய பேரையே சொல்வார்கள். கார்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவேன்.

ஆனால் கார்டை விடக் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. வேலை செய்கிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர் என்று இங்கே நடப்பதுண்டு. கையெழுத்துக்காரர் உங்கள் வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார், காகிதம் வாட்ஸ்அப்பில் வரும். அது சிஓசி இல்லை, விலைக்கு வாங்கிய காகிதம். உண்மையான சிஓசியோடு சோதனை அறிக்கையும் சேர்ந்து வரும், அது இல்லாமல் முதல் பக்கம் மட்டும் செல்லாது. அறிக்கையில் எண்கள் இருக்கும். 500 வோல்ட் செலுத்தி வயரின் தோல் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள், குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். எர்த் தொடர்ச்சி, எர்த் லீக்கேஜ் எத்தனை மில்லி ஆம்பியரில் விழுகிறது என்பதும் அதில் வரும். இதற்கெல்லாம் மின்சாரத்தை அணைக்க வேண்டும், டிவி, ஃப்ரிட்ஜ் ப்ளக்குகளைப் பிடுங்க வேண்டும். வீட்டில் ஒரு விளக்குகூட அணையாமல் பத்து நிமிஷத்தில் 'சோதனை முடிந்தது' என்று ஒருவர் சொன்னால், அவர் எதையும் சோதிக்கவில்லை.

வந்து பார்க்கக் காசு கேட்கிறார் என்று வருத்தப்படாதீர்கள். பக்கி வண்டிக்கு டீசல், அரை நாள் வேலை எல்லாம் அதில் அடங்கும். வேலையைக் கொடுத்தால் அந்தக் காசைக் கழித்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள், சிலர் கழித்துக்கொள்வார்கள். விலையை எழுத்தில் வாங்குங்கள். 'ஓவன் வேலை — இவ்வளவு' என்று ஒற்றை வரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை எம்எம் வயர், எத்தனை ஆம்பியர் ப்ரேக்கர், சிஓசி அதில் சேர்த்தியா தனியா, சுவர் வெட்டினால் பூசுவது யார் என்று தெரிய வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டு, புது டைலில் பள்ளத்தோடு தீபாவளி கொண்டாடியவர்கள் உண்டு. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கடைசிப் பங்கு சிஓசி கைக்கு வந்த பிறகுதான்.

ஐசோலேட்டர் எங்கே வருகிறது என்று வேலை தொடங்கும் முன் விரலால் காட்டச் சொல்லுங்கள். அதே அறையில், அடுப்பிலிருந்து மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஓவனுக்குப் பின்னாலும் வேண்டாம், பிளேட்டுக்கு நேர் மேலும் வேண்டாம். எண்ணெய் பற்றிக்கொண்டால் தீக்கு மேல் கை நீட்டியா அணைப்பீர்கள்? சுவரைப் பூசி மூடுவதற்கு முன் வயர் போகும் தடத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும்.

முதல் நாளில் இரண்டு விஷயம் நடக்கலாம். ஓவன் ப்ளக் வழியாக ஓடினால் போட்டதும் எர்த் லீக்கேஜ் விழலாம். சூடேற்றும் கம்பிக்குழாய்க்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு கிடங்கில் கிடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிவிடும், டர்பன் காற்றில் கேட்கவே வேண்டாம். அதை உலர்த்தி எடுக்க எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். அதற்காக எர்த் லீக்கேஜையே தாண்டி வயர் கொடுக்கிறேன் என்று சொன்னால் விடாதீர்கள். இன்னொன்று, விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், சூடு மட்டும் வராது. பல ஓவன்களில் கடிகார நேரம் வைக்காவிட்டால் சூடே ஆகாது. மின்சாரம் போய் வந்தாலும் இதே கதைதான். லோட்ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) காலத்தில் இதற்காகவே என்னைக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். வந்து நேரத்தை வைத்துவிட்டுக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும். சூடு வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்து, காலி ஓவனை 200 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். தொழிற்சாலை எண்ணெய் எரிந்து புகையும், அது போன பிறகு மாவை வையுங்கள்.

கூட்டாளியிடம் வேண்டாம் என்று சொல்ல உங்கள் வீட்டுக்காரருக்குச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. அவரை ஓவனைத் தூக்கக் கூப்பிடுங்கள். அலமாரிக்குள் அதைத் தூக்கி வைக்க எப்படியும் இரண்டு பேர் வேண்டும். சாப்பாடு போட்டு அனுப்புங்கள், மனஸ்தாபம் வராது.

தீபாவளி நெருங்கினால் எங்களில் யாருமே போனை எடுக்க மாட்டோம், ஆகவே இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரித்து, ஓவனிலும் ஹாபிலும் ஒட்டியிருக்கும் தகட்டை, வாட் எண் தெரிகிற மாதிரி, போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்றாவது ஆள் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.